அறுபதால் வகுக்கக் கூடாத தூரங்கள்

தமிழ்நாட்டிலிருந்து காரிலோ வேனிலோ வடக்கே கிளம்புகிறவர்களிடம் இப்போது ஒரு நம்பிக்கை ஊறிப்போயிருக்கிறது. சாலைகளெல்லாம் மாறிவிட்டன, ஓசூரைத் தாண்டினால் நாக்பூர் வரை நாலுவழிச் சாலை, ஒரு நாளைக்கு 600, 700 கி.மீ. ஓட்டுவது பெரிய காரியமில்லை. ஆகவே கிலோமீட்டரை அறுபதால் வகுத்தால் எத்தனை மணி நேரம் என்று தெரிந்துவிடும். மத்திய இந்தியாவுக்கான பயணத் திட்டங்களும் இந்தக் கணக்கில்தான் போடப்படுகின்றன. முதல் நாள் நாக்பூரிலிருந்து பெஞ்ச், மறுநாள் கான்ஹா, மூன்றாம் நாள் பாந்தவ்கட், நான்காம் நாள் பன்னாவும் கஜுராஹோவும், ஐந்தாம் நாள் ஜபல்பூர் பளிங்குப் பாறைகளைப் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியது. டிராவல்ஸ்காரர்கள் இதை அச்சடித்தே கொடுக்கிறார்கள். வாங்குகிறவர்களும் ஐந்து நாளில் இத்தனை இடமா என்று மகிழ்ச்சியோடு முன்பணம் கட்டுகிறார்கள்.

இந்தக் கணக்கு தவறு. அரை மணி முன்னே பின்னே என்ற அளவில் இருந்தால் பொறுத்துக்கொள்ளலாம். அடிப்படையே தவறாக இருப்பதால் நாள் முழுக்க அது கெடுதல் செய்கிறது. காட்டைப் பார்க்கப் போனவர்கள் காரின் உட்கூரையைப் பார்த்துக்கொண்டு திரும்புகிறார்கள். இருட்டில் காட்டுச் சாலையில் வண்டி ஓடுகிறது. அந்தச் சுமை முழுவதையும் ஸ்டீயரிங் பிடித்திருப்பவர் ஒருவரே தாங்குகிறார். அதனால்தான் இதை ரசனை வேறுபாடு என்று விட்டுவிட எனக்கு மனமில்லை.

நம்பிக்கைக்கு ஆதாரம் இல்லாமல் இல்லை. காஷ்மீரிலிருந்து கன்னியாகுமரி வரை வரும் 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை, நாக்பூருக்கும் சிவனிக்கும் இடையே அருமையான சாலை. பழைய நாட்களில் 7-ஆம் எண் சாலையாக இருந்தபோது குராய் மலைப்பாதையில் லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்தவர்களுக்கு இன்றைய சாலை எவ்வளவு பெரிய மாற்றம் என்று தெரியும். பெஞ்ச் காட்டின் ஊடாகப் போகும் பகுதியில் புலியும் மானும் கீழே கடந்து போக மகாராஷ்டிரப் பக்கம் ஒன்பது இடங்களில் சாலையைத் தூக்கிக் கட்டியிருக்கிறார்கள். அவற்றில் மிக நீளமானது 750 மீட்டர். வண்டியில் போகிறவருக்குப் பாலம் ஏறியது கூடத் தெரியாது. நாக்பூர் முதல் ஜபல்பூர் வரை சுமார் 270 கி.மீ.; ஐந்து மணி நேரத்தில் தாராளமாகப் போய்விடலாம். அறுபதால் வகுக்கும் கணக்கு இந்தச் சாலையில் ஏறக்குறைய பலிக்கும்.

சிக்கல் இங்கிருந்துதான் தொடங்குகிறது. ஒரு சாலையில் கிடைத்த வேகத்தை, அதிலிருந்து பிரிகிற அத்தனை சாலைகளுக்கும் பொருத்திவிடுகிறார்கள். நீங்கள் பார்க்கப் போகும் எந்தக் காட்டின் வாசலும் 44-ஆம் எண் சாலையின் ஓரத்தில் இல்லை. மிக அருகில் இருக்கும் பெஞ்சுக்கே கவாசாவில் இறங்கி துரியா வாசலுக்குச் சிறு சாலையில் பன்னிரண்டு கி.மீ. போக வேண்டும். கான்ஹாவுக்கு சிவனியிலிருந்து நைன்பூர் வழியாகப் பிரிய வேண்டும். பாந்தவ்கட் உமரியா மாவட்டத்தின் உள்ளே இருக்கிறது. பச்மடிக்கு நாக்பூரிலிருந்து போனால் சிந்த்வாடாவைத் தாண்டி தாமியா மலைப்பாதையில் ஏறி இறங்கிப் பிறகு சாத்புராவின் மேல் மறுபடி ஏற வேண்டும்.

தேசிய நெடுஞ்சாலை என்ற பலகை இருந்தாலே போதும் என்பவர்களுக்கு 30-ஆம் எண் சாலையை நினைவூட்டுகிறேன். ரீவா, கட்னி, ஜபல்பூர், மண்ட்லா, கவர்தா, ராய்ப்பூர், ஜக்தல்பூர் என்று மத்திய இந்தியாவை வடக்குத் தெற்காக அறுத்துக்கொண்டு போகும் சாலை அது. 2022 நவம்பரில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சர் நிதின் கட்கரி மண்ட்லாவில் ஒரு மேடையிலேயே மக்களிடம் மன்னிப்புக் கேட்டார். ஜபல்பூர் பக்கத்திலிருந்து மண்ட்லா வரும் 63 கி.மீ. சாலை 400 கோடி ரூபாய் செலவிலும் சரியாக அமையவில்லை என்பதுதான் காரணம். கட்டிய அமைச்சகத்தின் தலைவரே ஒப்புக்கொண்ட குறை அது. பிறகு செப்பனிட்டார்கள், இன்னும் செப்பனிடுவார்கள். ஆனால் எந்த ஆண்டு எந்தத் துண்டு தோண்டிக் கிடக்கும் என்பதைக் கிலோமீட்டர் எண்ணிக்கை சொல்லாது. அதே சாலையில் கவர்தாவுக்கு மேலே சில்பி மலைப்பாதை, ஜக்தல்பூருக்கு முன்னால் கேஷ்கால் மலைப்பாதை. கேஷ்காலின் ஒரு வளைவில் டிரெய்லர் ஒன்று அச்சு முறிந்து நின்றுவிட்டால் உங்கள் பகல் பொழுது அங்கேயே முடிந்தது.

கான்ஹாவிலிருந்து பாந்தவ்கட் போகும் நாளைக் கொஞ்சம் கிட்டத்தில் வைத்துப் பார்க்கலாம். திட்டத்தில் இது ஒரே வரி: "காலை சஃபாரி முடித்து பாந்தவ்கட் புறப்பாடு, சுமார் 250 கி.மீ., நான்கு மணி நேரம்." டிசம்பர் மாதம் என்று வையுங்கள். சஃபாரி ஜிப்ஸி கட்டியா வாசலுக்குத் திரும்பும்போது மணி பதினொன்று ஆகிவிடும். விடியலுக்கு முன்பே எழுந்து குளிரில் விறைத்துப்போன குழந்தைகளும் பெரியவர்களும் வெந்நீரில் குளித்து, சாப்பிட்டு, பெட்டிகளை ஏற்றிக் கிளம்ப ஒரு மணி. இனி மண்ட்லா அல்லது டிண்டோரிப் பக்கமாக ஷாபுரா, பிறகு உமரியா, அதன்பின் பாந்தவ்கட்டின் வாசலான தாலா.

இந்தச் சாலையில் தார் மோசம் என்று யாரும் சொல்ல முடியாது. பல இடங்களில் நன்றாகவே போட்டிருக்கிறார்கள். வேகத்தைத் தின்பது தார் அல்ல. ஊருக்கு ஊர் வேகத்தடை இருக்கிறது, பாதிக்கு வெள்ளை வர்ணம் கிடையாது. வாரச் சந்தை நாளாக இருந்தால் காய்கறிக் கூடைகளும் கோழிகளும் துணிக் கடைகளும் சாலையின் பாதியை எடுத்துக்கொள்ளும். அங்கே நடந்து போகிறவர்களுக்குத்தான் முன்னுரிமை, அதுதான் நியாயமும். பள்ளி விடும் நேரம் நாலரை. சீருடையில் பிள்ளைகள் சைக்கிள்களில் வரிசையாக வருவார்கள். நெல்லோ மூங்கிலோ ஏற்றிய டிராக்டர் முன்னால் போகும். பின்னால் இருக்கும் ட்ராலியில் சிவப்பு விளக்கு இருக்காது. நர்மதையைச் சுற்றிப் பரிக்கிரமா போகிறவர்கள் கையில் தடியோடு சாலை ஓரத்திலேயே நடந்து வருவார்கள். மார்ச், ஏப்ரலில் போனால் இன்னொன்றையும் பார்க்கலாம். இரவெல்லாம் உதிர்ந்த இலுப்பைப் பூவைப் பொறுக்க விடியற்காலையில் பெண்களும் குழந்தைகளும் கூடைகளோடு சாலையோர மரங்களின் கீழே குனிந்திருப்பார்கள். அந்த மக்களுக்கு அது ஆண்டு வருமானத்தில் ஒரு முக்கியமான பங்கு. அவர்களைக் கடந்து எண்பதில் போகும் உரிமை யாருக்கும் இல்லை.

இவ்வளவுக்கும் இடம் கொடுத்து ஓட்டினால் 250 கி.மீ.க்கு ஆறு மணி நேரம் ஆகும். ஒரு மணிக்குக் கிளம்பியவர் ஏழு மணிக்குத்தான் தாலா சேருவார். டிசம்பரில் அந்தப் பக்கம் சூரியன் ஐந்தரைக்கெல்லாம் விழுந்துவிடுகிறது. ஆக, கடைசி ஒன்றரை மணி நேரம் முழு இருட்டு. அந்த இருட்டில்தான் உமரியாவிலிருந்து தாலா வரை முப்பது கி.மீ.க்கு மேல் காட்டை ஒட்டிய சாலை வருகிறது. மறுநாள் சஃபாரிக்கு மறுபடி விடியுமுன் வாசலில் நிற்க வேண்டும். மாதக்கணக்கில் முன்பே பெயரும் அடையாள அட்டை எண்ணும் கொடுத்து எடுத்த அனுமதிச் சீட்டு அது. நீங்கள் தாமதமானால் வாசல் உங்களுக்காகக் காத்திருக்காது, பணமும் திரும்பாது. இப்படி ஓடிச் சேர்ந்தவர்கள் ஜிப்ஸியில் உட்கார்ந்து தூங்குவதைக் காட்டு வழிகாட்டிகள் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

"போனில் பார்த்துவிட்டுத்தானே சொல்கிறோம், நாலே முக்கால் மணி நேரம் என்றே காட்டியது" என்பது அடுத்த வாதம். போன் பொய் சொல்லவில்லை. அது வேறு கேள்விக்குப் பதில் சொல்கிறது. எங்கும் நிற்காமல் ஒரு வண்டி நகர்ந்துகொண்டே இருந்தால் எவ்வளவு நேரம் ஆகும் என்பதுதான் அதன் கணக்கு. டீ, டீசல், சிறுநீர், பஞ்சர், வாந்தி எடுக்கும் குழந்தை எதுவும் அதில் சேராது. சாலையில் ஓடும் மற்ற போன்களின் வேகத்தை வைத்து அது நெரிசலை அறிகிறது. சிக்னலே இல்லாத டிண்டோரிக் காட்டில் அதற்குக் கிடைக்கும் தகவல் மிகக் குறைவு. இன்று அந்த ஊரில் சந்தையா, தரைப்பாலத்தின் மேல் தண்ணீர் ஓடுகிறதா என்று அதற்கு எப்படித் தெரியும்? அந்த வழியில் பஸ் ஓட்டுகிறவரிடமோ நீங்கள் தங்கப்போகும் விடுதியின் சமையல்காரரிடமோ ஒரு போன் போட்டுக் கேட்டால் சரியான நேரம் கிடைத்துவிடும். அவர்கள் கிலோமீட்டர் சொல்ல மாட்டார்கள். "சாப்பிட்டுக் கிளம்பினால் இருட்டிவிடும், காலையில் வாருங்கள்" என்பார்கள். அதைவிட நல்ல தகவல் எந்தத் திரையிலும் வராது.

காட்டைச் சுற்றும் கணக்கும் இப்படித்தான். கான்ஹாவின் கட்டியா வாசலும் முக்கி வாசலும் வரைபடத்தில் பக்கத்தில் பக்கத்தில் தெரியும். நடுவில் இருப்பது புலிகள் காப்பகத்தின் மையக் காடு. உங்கள் கார் அதற்குள் போக முடியாது, வெளியே சுற்றித்தான் வர வேண்டும். முக்கியில் சஃபாரிச் சீட்டு எடுத்துவிட்டுக் கட்டியாவில் அறை எடுக்கிற குடும்பங்கள், "பக்கம்தானே" என்ற அந்த ஒரு சொல்லால் ஏமாறுகின்றன.

இனி, நம்மவர்களுக்கு மிகவும் பிடித்த வாதத்துக்கு வருகிறேன்: இரவில் ஓட்டினால் நெரிசல் இருக்காது, தூரம் குறையும். இதை நான் முழுவதுமாக மறுக்கிறேன். மத்திய அரசின் 2022-ஆம் ஆண்டு சாலை விபத்து அறிக்கையின்படி அந்த ஆண்டில் நாட்டில் 1,68,491 பேர் சாலையில் இறந்தார்கள். மாலை ஆறு முதல் ஒன்பது வரையிலான மூன்று மணி நேரத்தில் மட்டும் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு விபத்துகள் நடந்தன. விபத்து எண்ணிக்கையில் முதலிடம் தமிழ்நாடு, இரண்டாமிடம் மத்தியப் பிரதேசம். ஒரு மாநிலத்தில் கிளம்பி இன்னொன்றுக்குப் போகிறவர்கள் இரண்டு வரிசைகளையும் மனதில் வைத்துக்கொள்ள வேண்டாமா?

மத்தியப் பிரதேசத்தின் இரவுச் சாலைக்கு என்று தனி ஆபத்துகள் உண்டு. மழைக்காலத்தில் ஈரத் தரையை விட்டுவிட்டு மாடுகள் கூட்டமாகத் தார்ச்சாலையில் வந்து படுக்கும். எதிர் வண்டியின் ஹெட்லைட் கண்ணில் அடிக்கும்போது கறுப்பு மாடு ஒன்று படுத்திருப்பது பத்தடிக்கு வரும்வரை தெரியாது. டிசம்பர், ஜனவரியில் ரீவா, சத்னா, குவாலியர் பக்கங்களில் மூடுபனி இறங்கினால் முன்னால் நிற்கும் லாரியே தெரியாது. திம்பம் மலைப்பாதையில் பண்ணாரி முதல் காரப்பள்ளம் வரை 2022-இல் சென்னை உயர் நீதிமன்றம் ஏன் இரவுப் போக்குவரத்தைத் தடுத்தது, பந்திப்பூரில் 2009 முதல் ஏன் இரவில் வண்டிகளை நிறுத்துகிறார்கள் என்று நமக்குத் தெரியும். திம்பத்தில் விலங்குக்காகக் காத்திருக்க ஒப்புக்கொள்ளும் நாம், உமரியாவில் தடை இல்லை என்ற ஒரே காரணத்தால் அதே விலங்கின் பாதையில் இரவு ஒன்பது மணிக்கு விரையலாமா?

"அந்தக் காலம் போயிற்று, சம்ருத்தி சாலை வந்துவிட்டதே" என்று சொல்லக்கூடும். 701 கி.மீ. நீளமுள்ள நாக்பூர்–மும்பை விரைவுச் சாலை 2022 டிசம்பரில் ஷிர்டி வரை திறந்தது, 2025 ஜூனில் முழுமையானது. கார்களுக்கு மணிக்கு 120 கி.மீ. வரை அனுமதி. விதர்பாவை அது உண்மையிலேயே சுருக்கியிருக்கிறது, அதில் எனக்குச் சந்தேகமில்லை. அதே சாலையில்தான் 2023 ஜூலை 1 அன்று நள்ளிரவு தாண்டி ஒன்றரை மணி வாக்கில், புல்டானா மாவட்டத்தின் சிந்த்கேட் ராஜா அருகே தனியார் பஸ் ஒன்று தீப்பிடித்து 25 பேர் இறந்தார்கள். வளைவும் ஊரும் சந்தையும் இல்லாத நேர்ச்சாலை கண்ணை மயக்கும். நல்ல சாலை நேரத்தைக் குறைக்கும். மனித உடலுக்கு வேண்டிய தூக்கத்தைக் குறைக்காது. தவிர, சம்ருத்தியில் மிச்சமாகும் இரண்டு மணி நேரத்தை வைத்துக்கொண்டு அதே நாளில் இன்னும் 200 கி.மீ. சேர்த்துவிடுகிறார்கள். அந்த 200 இருவழிச் சாலையில், மாலையில் வருகிறது.

காசி யாத்திரை வேன்களைப் பற்றிப் பேசாமல் இதை முடிக்க முடியாது. நாக்பூர், சிவனி, ஜபல்பூர், கட்னி, மைஹர், ரீவா, பிரயாக்ராஜ் என்ற இந்த வழி தமிழ்நாட்டு யாத்திரிகர்கள் நெடுங்காலமாகப் போகும் வழி. 2025 பிப்ரவரி 9, 10 தேதிகளில் மகா கும்பமேளாவுக்குப் போன வண்டிகள் இதே பாதையில் சிக்கின. நெரிசல் 200 முதல் 300 கி.மீ. வரை நீண்டதாகச் செய்திகள் வந்தன. கட்னியிலும் ஜபல்பூர் பக்கமும் காவல்துறையே வண்டிகளை நிறுத்தித் திரும்பிப் போகும்படி கேட்டது. ரீவாவிலிருந்து பிரயாக்ராஜ் 130 கி.மீ.தான், இரண்டரை மணி நேரம் என்று எழுதி வைத்திருந்தவர்கள் ஒரு நாள் முழுக்க வண்டியிலேயே இருந்தார்கள். கும்பமேளா பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறைதான் என்று தள்ளிவிடலாம். மைஹர் சாரதா தேவி கோயிலுக்கு நவராத்திரி ஆண்டில் இருமுறை வருகிறது. உஜ்ஜயினிக்குச் சாவன் மாதத் திங்கள்கிழமைகள் ஆண்டுதோறும் வருகின்றன.

உஜ்ஜயினி என்றதும் இன்னொரு திட்டம் நினைவுக்கு வருகிறது: விடியற்காலை நாலு மணிக்கு மகாகாலேசுவரரின் பஸ்ம ஆரத்தி, பத்து மணிக்கு ஓம்காரேசுவரர், மாலையில் மகேஷ்வர், இரவு மாண்டு. வழியில் இருக்கும் இந்தூரிலிருந்து ஓம்காரேசுவரம் 80 கி.மீ.க்கும் குறைவு என்பதால் எல்லோரும் ஒன்றேகால் மணி நேரம் போடுகிறார்கள். நடுவில் பேரு காட் மலைப்பாதை இருக்கிறது. அங்கே லாரிகள் நின்றுவிட்டால் வரிசை நகராது. ஊர் சேர்ந்த பிறகும் கோயில் தீவில் இருக்கிறது. வண்டியை நிறுத்திவிட்டு நடைபாலத்திலோ படகிலோ போய் வரிசையில் நிற்க வேண்டும். இரண்டு ஜோதிர்லிங்கங்களை ஒரு காலைப் பொழுதில் முடிப்பது என்று யார் எழுதினாலும் அவர் அந்த வரிசையில் நின்றதில்லை என்றே எடுத்துக்கொள்கிறேன்.

இத்தனையிலும் விழித்திருக்க வேண்டியவர் ஓட்டுநர். சேலத்திலிருந்தோ மதுரையிலிருந்தோ வேனைக் கொண்டுவரும் அவருக்கு இந்தி தெரியாமல் இருக்கலாம், சப்பாத்தி ஒத்துக்கொள்ளாமல் இருக்கலாம். சஃபாரிக்காக மூன்று மணிக்கு எழுப்பும்போது அவரையும் எழுப்புகிறோம். நாம் ஜிப்ஸியில் போன பிறகு அவர் வண்டியைக் கழுவுகிறார், டயர் பார்க்கிறார், டீசல் போட அலைகிறார். பிறகு ஆறு மணி நேரம் ஓட்டுகிறார். நம் விடுதிகளில் பலவற்றில் அவருக்குப் படுக்கை கிடையாது, வண்டியிலேயே படுக்கிறார். 1961-இல் வந்த மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டமே ஒரு நாளைக்கு எட்டு மணி நேர வேலை என்றுதான் வரம்பு வைத்தது. ஐந்து மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து ஓட்டக் கூடாது, அரை மணி ஓய்வு வேண்டும் என்றது. அறுபது ஆண்டுகளுக்கு முன்பே நாடு ஒப்புக்கொண்ட இந்த வரம்பை நம் ஐந்து நாள் திட்டம் மீறிவிடுகிறது.

"நாங்கள் அப்படித்தான் போய் வந்தோம், ஒன்றும் ஆகவில்லை" என்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் நல்லபடியாகத் திரும்பியதில் மகிழ்ச்சி. ஆனால் நல்லபடியாகத் திரும்பியவர்கள் மட்டும்தானே இந்தப் பேச்சில் கலந்துகொள்ள முடிகிறது?

லீவு கிடைப்பதே ஐந்து நாள், அதற்குள் பார்க்காமல் எப்போது பார்ப்பது என்ற கேள்வியை நான் மதிக்கிறேன். அதில் ஓர் உண்மையான ஏக்கம் இருக்கிறது. அந்த ஏக்கத்துக்கு நான் சொல்லும் வழி இது. கிலோமீட்டரை ஓரமாக வைத்துவிட்டு, போகும் மாதத்தில் அந்த ஊரில் சூரியன் எத்தனை மணிக்கு மறைகிறது என்று முதலில் எழுதுங்கள். அதிலிருந்து ஒரு மணி நேரம் முன்னால் அறைக்குள் இருக்க வேண்டும் என்று வைத்துப் பின்னோக்கி வாருங்கள். நாலுவழிச் சாலைக்கு மணிக்கு அறுபது போடலாம். இருவழிச் சாலைக்கு நாற்பது, மலைப்பாதைக்கும் காட்டுச் சாலைக்கும் முப்பதுக்குள். நிறுத்தங்களைத் தனியாகக் கூட்டுங்கள். காலை சஃபாரி உள்ள நாளில் 150 கி.மீ.க்கு மேல் எதையும் எழுதாதீர்கள். புதன்கிழமை மாலை சஃபாரி கிடையாது, ஆகவே இடம் மாறுவதை அந்த அரை நாளில் வையுங்கள். ஜூலை முதல் செப்டம்பர் வரை மையக் காடு மூடியிருக்கும். அந்த மாதங்களில் பச்மடிக்கோ மாண்டுவுக்கோ போகலாம்.

இப்படிப் போட்டுப் பார்த்தால் ஐந்து நாளில் இரண்டு இடம்தான் வரும். நாக்பூரில் இறங்கி பெஞ்சில் ஓர் இரவு, கான்ஹாவில் மூன்று இரவு. பாந்தவ்கட்டும் பன்னாவும் கஜுராஹோவும் அடுத்த முறைக்கு. அந்த முறை வேன் கூட வேண்டாம். சென்னையிலிருந்து சாப்ரா போகும் கங்கா காவேரி ரயில் ஜபல்பூர், சத்னா வழியாகத்தான் போகிறது. ஜபல்பூரில் இறங்கி உள்ளூர் வண்டி ஒன்றை அமர்த்திக்கொள்ளுங்கள். எந்த ஊரில் என்று சந்தை என்பது அந்த ஓட்டுநருக்குத் தெரிந்திருக்கும். அறை பதிவு செய்யும்போது அவருக்கும் ஒரு கட்டில் கேட்டு வாங்குங்கள்.